கல்வெட்டில் ஒரு வரி

அத்தியாயம் 14

அப்பா போய் இன்றைக்கு இருபத்தெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. எந்தப் படத்தைப் போடுவதென்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். எந்த மண்டபமென்று போன வாரம் நடந்த சண்டையும் தெரியும். இந்த வாரச் சண்டை அந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

காலை ஏழு மணிக்கு, சுவிஸில் எங்கள் எம்மன்புரூக்கே வீட்டுக் குசினிக்குள் நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அழுகிற சத்தம் கேட்டது. இந்த நான்கு கிழமையாகக் கேட்டுப் பழகின அழுகை இல்லை அது. ஓடிப்போய்ப் பார்த்தால் சோபாவில் இருந்து சிரித்துக்கொண்டு அழுகிறார். மடியில் கல்வெட்டு.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிற சனத்துக்குக் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம்தான் அது. முன்னுக்கு அப்பாவின் படம், உள்ளே அவருடைய வாழ்க்கை வரலாறு, பிறகு தேவாரம், கடைசியில் நன்றி. ஷ்லீரனில் ஒரு தமிழ் அச்சகத்தில் அடித்து, இருநூற்றைம்பது பிரதியையும் என் தம்பி நிருசன் நேற்றுப் பின்னேரம் காரில் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

"சரணியா, இஞ்சை வா. இதை வாசி. சத்தமா வாசி."

அம்மா விரல் வைத்த இடத்தை வாசித்தேன்.

'மருத்துவமனையின் அந்த இறுதி நாட்களில், ஒரு மாலைப் பொழுதில் தம்பி தவராஜா அருகில் வந்து அமர்ந்தபோது, அவரது கையைப் பற்றிக்கொண்டு, "எல்லாம் போகட்டும், நீ வந்ததே போதும்" என்று கண் கலங்கினார்.'

"தவராஜா வந்தவனாம், பார்த்தியே? உன்ர அப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் பின்னேர வேலைக்குப் போன நேரமாத்தான் இருக்கும். உனக்குத் தெரியுமோ?"

"தெரியாதம்மா."

"என்ர ராசா. மனசிலை ஒண்டையும் வச்சுக்கொண்டு போகேல்லை அந்த மனுசன்."

தவராஜா என் சித்தப்பா. துன் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவருக்கும் எங்களுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. காரணம் நான்.

ஒன்பது வருடத்துக்கு முதல் நான் சுவிஸ்காரனான ரேட்டோவைப் பதிவுத் திருமணம் செய்தேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை சித்தப்பாவின் மகள் யாதவி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. அம்மா ஆராத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறப்போக, சித்தப்பா மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "அண்ணி, நீங்கள் இருங்கோ, வேற ஆக்கள் எடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழும்பி, தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு முடிந்த உறவு. அப்பாவின் செத்த வீட்டுக்குச் சித்தப்பா வந்து கடைசி வரிசையில் நின்றார், ஒருவரோடும் பேசாமல் போனார்.

அம்மா ஒன்பது வருடத்தில் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் நானும் அந்த வரியை நம்பினேன். நம்பினேன் என்ன, கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோப்பி ஆறிப்போனது தெரியாமல் அதையே மூன்று தரம் வாசித்தேன்.

நான் சப்பாத்துப் போடும்போது அம்மா ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். நம்பர் அவருக்குப் பாடமாம். ஒன்பது வருடம் எடுக்காத நம்பர்.

"தம்பி, நான் அண்ணி கதைக்கிறன்," என்று அம்மா தொடங்கியது காதில் விழுந்தது. எனக்கு பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் இருந்து மிச்சத்தை வாசித்தேன். அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது.

'அவர் வெறும் தொழிலாளி அல்ல, ஒரு தலைமுறையின் நம்பிக்கை.' 'பாசமிகு கணவராக மட்டுமல்ல, பண்புமிகு நண்பராகவும் வாழ்ந்தார்.' 'ஏரிக்கரையின் மாலை நடையும், மல்லிகைச் செடிகளும், கர்நாடக இசையும் அவரது ஓய்வு நேரத் துணைகள்.'

என்ன மல்லிகை? எங்கள் பால்கனியில் இருப்பது ஒரேயொரு கறிவேப்பிலை, அதுவும் பாதி பட்டது. அப்பாவின் முழங்காலுக்கு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடப்பதே பெரிய பாடு, இதில் ஏரிக்கரை நடையாம். பாட்டுக் கேட்க அந்த மனுசனுக்குப் பொறுமை கிடையாது. செய்தி கேட்பார், கேட்டுவிட்டு ரேடியோவைத் திட்டுவார். அவ்வளவுதான் அவருடைய கர்நாடக இசை.

இந்த மாதிரித் தமிழை யார் எழுதுவதென்று எனக்குத் தெரியும். வருடம் முழுக்க இந்த எழுத்தை ஜெர்மனில் வாசிப்பதுதான் என் பிழைப்பு. லுட்சேர்னில் ஓர் உயர்கல்லூரியில் நான் விரிவுரையாளர். எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவை மாணவர்கள் பிரயோசனமாகவும், அதே நேரம் கண்ணை மூடி நம்பாமலும் பாவிப்பது எப்படி என்பதுதான் என் பாடம். பதினான்கு கிழமை, இருபத்துமூன்று பேர். ஒரு மனிதன் மூச்சு விட்டு எழுதினதையும் மெஷின் நிரப்பினதையும் பிரித்துப் பார்க்கப் பழக்குகிறவள் நான். என் அப்பாவை மெஷின் நிரப்பியிருக்கிறது, நான் பத்து நிமிடம் அதை நம்பிவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

ஆசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. மெஷினை வைத்து எதை எழுதினாலும், அதோடு நடந்த உரையாடலை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அப்படியே கையளிக்கவேண்டும். இந்தக் கிழமை வேலை, 'உண்மையான ஒருவருக்குத் தேவைப்பட்ட உண்மையான ஓர் எழுத்து.' என்னிடம் படிக்கிற ஒரே தமிழ்ப் பெடியன் கோபிசன். நிருசனோடு பந்தடிக்கிறவன். செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டான், நான்தான் திறக்கவில்லை.

திறந்தேன். தலைப்பிலேயே அப்பாவின் பெயர். அதற்குக் கீழே கோபிசன் மெஷினிடம் கேட்டது:

'அனுபவமுள்ள தமிழ் எழுத்தாளராக எழுது. வாசிக்கப்போகிறவர்கள் துயரத்தில் இருக்கும் உறவினர். தொனி உருக்கமாக இருக்கட்டும். மனதில் நிற்கிற ஒரு சிறு சம்பவம் சேர்.'

பிறகு விவரம். இராஜேந்திரன், 1956, கரவெட்டி. சுவிஸ் வந்தது 1985. எம்மன்புரூக்கேயில் ஃபாக்டரி வேலை. மனைவி புனிதவதி. இரண்டு பிள்ளைகள். தம்பி தவராஜா, துன். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை.

அவ்வளவுதான் அவன் கொடுத்தது. சம்பவம் கேட்டான், மெஷினிடம் சம்பவம் இல்லை, ஒன்றைச் செய்து கொடுத்தது. ஒரு தம்பி, ஒரு ஆஸ்பத்திரி, உருக்கம். வேறென்ன வரும்?

அடிக்குறிப்பில் கோபிசன் எழுதியிருந்தான்: 'இந்த எழுத்து உங்கள் குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன்.' எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

பத்து மணிக்கு வகுப்பு. கையில் இருந்த பாடத்திட்டத்தைத் தூக்கி மேசையில் எறிந்தேன். அந்த வரலாற்றை ஜெர்மனுக்கு மாற்றி, பெயர்களை எடுத்துவிட்டுத் திரையில் போட்டேன்.

"ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள், இதை யார் சொன்னது என்று. சந்தேகமாக இருந்தால் கோடு போடுங்கள். பதினைந்து நிமிடம்."

கடைசி வரிசையில் கோபிசன் நிமிரவில்லை. எழுதவும் இல்லை.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். பிறந்த வருடத்துக்கு எல்லோரும் கோடு போட்டிருந்தார்கள். சுவிஸ் வந்த வருடத்துக்கும் கோடு. ஏரிக்கரை நடைக்குச் சிலர் போட்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் கோடு போட்டதில் அந்த வருடங்கள் இரண்டும்தான் உண்மை. ஆஸ்பத்திரி வசனத்துக்கு இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் கோடு போடவில்லை.

"அதை ஏன் விட்டீர்கள்?"

முன் வரிசை லெயா, வகுப்பிலேயே கெட்டிக்காரி, பத்திரிகைக்குப் போகப்போகிறவள். "அது சந்தேகப்படுகிற வசனம் இல்லையே, ஃபிராவ் இராஜேந்திரன். முழு எழுத்திலும் அந்த மனிதரைத் தெரிகிற இடம் அதுதான்."

"இலக்கம் வந்தால் சந்தேகப்படுகிறீர்கள். கண்ணீர் வந்தால் நம்புகிறீர்கள். பொய் சொல்கிறவன் எங்கே பொய்யை வைப்பான்?"

ஜன்னலோரம் இருந்த ஒருவன் தோளைக் குலுக்கினான். "குடும்பம் சந்தோசப்படுகிறது என்றால் அதில் என்ன பிழை? யாருக்கு என்ன நட்டம்?"

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். ஒவ்வொரு வருடமும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுவேன். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருடைய குடும்பம்?" என்று கத்தினேன். பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும். "இது என் அப்பா. செத்து இருபத்தெட்டு நாள். நடக்காத ஒன்றை நடந்ததென்று இருநூற்றைம்பது பிரதி அடித்து வீட்டில் வைத்திருக்கிறோம். காலையில் என் அம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நட்டம் யாருக்கென்று இப்போது சொல்லு!"

கோபிசன் எழும்பி நின்றான்.

"அதைச் செய்தது நான்தான்," என்றான் ஜெர்மனில். "இரண்டாம் கிழமை நீங்கள் தந்த தாளில் நாலு படி இருந்தது. எழுதுகிறவர் யார், வாசிக்கிறவர் யார், தொனி என்ன, ஒரு சம்பவம். நாலையும் அப்படியே செய்தேன். சரிபார்ப்பது ஏழாம் கிழமைப் பாடம். நான் இதைச் செய்தது ஐந்தாம் கிழமை."

அவன் இன்னும் உட்காரவில்லை.

"இன்னொன்று. அது நடக்கவில்லை என்று சொல்கிறீர்கள். அதை உங்களுக்கு யார் சொன்னது? அந்தத் தம்பியிடம் கேட்டீர்களா?"

அடேய், என்னுடைய கேள்வியை எனக்கே திருப்பிப் போடுகிறான்! கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும் போலவும் இருந்தது. ஏனென்றால் அவன் சொன்னது சரி. மெஷின் எழுதினது என்பதால் பொய்யென்று முடிவு கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருபத்துநாலு மணித்தியாலமும் நான் இருக்கவில்லை. சித்தப்பாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"யாரும் சொல்லவில்லை," என்றேன். "நான் கேட்கவும் இல்லை."

பிறகு வகுப்புக்குச் சொன்னேன். "எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தின் ஒழுங்கு பிழை, போட்டவள் நான். ஆறு கிழமை, நல்லா எழுதித் தா என்று கேட்கப் பழக்கினேன். இது யார் சொன்னது என்று கேட்கிறதை அதற்குப் பிறகு வைத்தேன். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் வெட்டும் என்பதை அடுத்த மாதம் சொல்லுகிறேன் என்று போனமாதிரி. அடுத்த வருடம் முதலாம் கிழமையே இதுதான். வரும் வியாழனுக்குள் உங்கள் எழுத்தில் ஒரேயொரு வசனத்தை எடுத்து, உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டு வாருங்கள். இணையத்தில் தேடினேன் என்று யாரும் வரவேண்டாம்."

நடைபாதையில் கோபிசன் பின்னாலேயே வந்தான். தமிழுக்கு மாறியவுடன் சின்னப் பெடியனாகிவிட்டான்.

"அக்கா, நிருசன் அண்ணைக்கு அனுப்பினனான். அவர் வாசிச்சிட்டு, 'சூப்பர், அப்பிடியே அடி' எண்டவர். அவர் பார்த்திருப்பார் எண்டு நினைச்சன்."

"நீ போ. உன்னோட பிறகு கதைக்கிறன்."

மத்தியானம் நிருசனை வரச் சொல்லிச் செய்தி போட்டேன். கல்லூரி வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினான். வேலை உடுப்போடு வந்திருந்தான், லிஃப்ட் பூட்டுகிற கொம்பனியில் மெக்கானிக். நான் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

"சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தது உனக்கு ஆர் சொன்னது?"

"கல்வெட்டிலை கிடக்கு."

"விசரா! அந்தக் கல்வெட்டை அடிச்சது நீ!"

"கோபிசன் ஆரிட்டையோ கேட்டு எழுதினவன் எண்டு நினைச்சன். அவன்ர அம்மாவும் எங்கட சித்தியும் ஒரு கோயிலுக்குத்தானே போறவை."

"அவன் நீ பார்த்தாய் எண்டு நினைச்சானாம். நீ அவன் கேட்டான் எண்டு நினைச்சியாம். ரெண்டு பேரும் நினைச்சு நினைச்சு அப்பாவை ஒரு மெஷினிட்டைக் குடுத்திட்டீங்கள். மல்லிகைச் செடியாம்! உனக்கு வாசிக்கேக்கை சிரிப்பு வரேல்லையோ?"

"எனக்குத் தமிழ் எழுத வருமோ, அக்கா?" அவனும் கத்தத் தொடங்கினான். "வாசிக்கவே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறன். நீதானே வீட்டிலை படிச்சனி. எத்தினை தரம் கேட்டனான்? மூண்டு தரம்! 'அக்கா, அப்பாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தா.' நீ என்ன சொன்னனி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"'தாள் திருத்துற வேலை கிடக்கு, நிருசன்.' மூண்டு தரமும் அதைத்தான் சொன்னனி. ஊரான் பிள்ளையள் மெஷினைக் கொண்டு எழுதினதை வாசிக்க உனக்கு நேரமிருந்தது. அப்பாவுக்கு ரெண்டு பக்கம் எழுத நேரமில்லை. பேந்து நான் ஆரிட்டைப் போறது?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டக் கூடாதென்று ஸ்டியரிங்கைக் குத்தினான். எனக்கு அவன் மேலிருந்த கோபம் அப்படியே திரும்பி என் மேல் ஏறியது. அவன் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒன்பது வருடத்தையும் எழுதவேண்டி வரும். எனக்குப் பயம். தாள் திருத்துவது சாட்டு.

"அந்தப் பக்கத்தை எடுக்கோணும்," என்றேன்.

"அம்மா விடுவாவோ? அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

மூன்று மணிக்கு வீடு வந்தேன். அம்மா குளித்து, தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தார். நான்கு கிழமையில் இன்றைக்குத்தான். காலையிலிருந்து ஃபோனில் இருந்திருக்கிறார். ஜெயகௌரி மாமிக்குச் சொல்லியாயிற்று, கனடாவுக்கும் சொல்லியாயிற்று. "எல்லாம் போகட்டும் எண்டவராம்," என்று யாருக்கோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தார்.

வளைத்துப் பேச எனக்கு வராது.

"அம்மா, அந்த வரியை மனுசர் எழுதேல்லை. ஏஐ எழுதினது. சித்தப்பா வந்தாரோ இல்லையோ எண்டு ஒருத்தரும் அதுக்குச் சொல்லேல்லை. அது தானாச் சேர்த்தது."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முடிஞ்சுதோ?"

"அம்மா..."

"உனக்கு எல்லாத்திலையும் ஒரு பிழை கண்டுபிடிக்கோணும். கம்பியூட்டர் எழுதினதோ கையாலை எழுதினதோ, எனக்கென்ன? நான் தவராஜாவோட கதைச்சிட்டன். 'தம்பி, நீங்கள் வந்து அவரைப் பார்த்தது எனக்குத் தெரியாது, கோடி புண்ணியம்' எண்டன். 'ஓம் அண்ணி, வந்தனான்' எண்டு அந்தாள் தேம்பித் தேம்பி அழுதது. இப்ப சொல்லு, ஆர் பொய்? நீயோ அவனோ?"

வந்தாரா? மெஷின் குருட்டுவாக்கில் போட்டது உண்மையாகிவிட்டதா?

"நான் ஒருக்கா அவரோட கதைச்சுப் பார்க்கிறன்."

"ஒருத்தரோடயும் கதைக்காதை!" அம்மா எழும்பிவிட்டார். "ஒன்பது வருசம். உன்னாலைதான் எல்லாம். நான் வாய் திறந்தனானோ? அந்த மனுசன் திறந்தவரோ? ஒரு தம்பியை விட்டுப்போட்டு உன்னைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். இப்ப ஒரு நல்லது நடந்திருக்கு. அதையும் நீ வந்து உடைக்காதை."

ஒன்பது வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த அடி. வாங்கிக்கொண்டேன். எனக்கும் கோபம், அம்மாவின் மேல் இல்லை. அந்த வார்த்தை வெளியே வருவதற்கு ஒரு மெஷின் வந்து கதவைத் திறக்கவேண்டியிருந்ததே என்று.

படிக்கட்டுக்கு வந்து, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, துன்னுக்கு ஃபோன் எடுத்தேன்.

"சித்தப்பா, நான் சரணியா."

அந்தப் பக்கம் சட்டி பானைச் சத்தம். யாரோ ஜெர்மனில் எதையோ கேட்க, "பிறகு, பிறகு," என்று அவர் சொல்வது கேட்டது. சத்தம் குறைந்தது.

"சொல்லு பிள்ளை."

"நீங்கள் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தனீங்களோ?"

"அண்ணியிட்டைச் சொல்லிப்போட்டனே."

"அம்மாவுக்குச் சொன்னதை விடுங்கோ. நான் உங்களைக் கேக்கிறன்."

ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இல்லை," என்றார். "வரேல்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு இருந்திட்டன்."

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?" என் குரல் படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது. "வெக்கமில்லையோ உங்களுக்கு? அம்மா காலமையிலை இருந்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறா!"

"ஒன்பது வருசத்துக்குப் பிறகு அண்ணி எடுக்கிறா. நான் எல்லாருக்கும் முன்னாலை அவமானப்படுத்தின மனுசி. எடுத்த உடனே அழுது அழுது எனக்கு நன்றி சொல்லுறா. அதிலை இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. சரி, நான் பொய்யன். ஏசு. நல்லா ஏசு."

ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திவிட்டார்.

"நான் வரேல்லை எண்டது எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும். மற்றது? 'எல்லாம் போகட்டும்' எண்டது? அதை அண்ணை சொன்னவரோ? வேற ஆரிட்டையாவது, உங்களிட்டையாவது? அப்பிடி ஏதும் சொல்லாமல் கல்வெட்டிலை போடமாட்டியள்தானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் காணும். நான் சொன்னால் அவர் நம்புவார். சாகும் வரைக்கும் அதை வைத்துக்கொண்டு இருப்பார். இருபத்துமூன்று பேருக்கு முன்னால் காலையில் கத்தினவள், படிக்கட்டில் நின்று அந்த ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லை, சித்தப்பா. அப்பா உங்களைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லை. அது மெஷின் எழுதினது. நாங்கள் ஒருத்தரும் பார்க்கேல்லை."

அவர் கத்தினார். பொல்லாத கத்தல்.

"என்ரை அண்ணையின்ரை வாயிலை ஏன் பிள்ளை சொல்லு வச்சனீங்கள்? ஆர் உங்களுக்கு உரிமை தந்தது? காலமையிலை இருந்து நான் இந்தக் குசினிக்குள்ளை வெங்காயத்தை வெட்டுறமாதிரி நிண்டு அழுறன்! அண்ணை என்னை மன்னிச்சிட்டார் எண்டு அழுறன்! அரை நாள், பிள்ளை. அரை நாள் எனக்கு அண்ணை திரும்பக் கிடைச்சவர்!"

"சித்தப்பா, பிழைதான். எங்கட பிழைதான்."

"பிழையாம். ஞாயிற்றுக்கிழமை என்னை முன் வரிசையிலை இருக்கட்டாம். மைக்கிலை நிண்டு அந்தப் பக்கத்தை நானே வாசிக்கோணுமாம். அண்ணி கேட்டிருக்கிறா. நான் ஓம் எண்டு சொல்லியிருக்கிறன். இப்ப நான் என்ன செய்யிறது? சொல்லன். நீதானே படிச்சனி, சொல்லு!"

வீட்டுக் கதவு திறந்தது. அம்மா வாசலில் நின்றார். சற்று முன்னிருந்த கோபம் முகத்தில் இல்லை.

"தவராஜாவோ? தா இஞ்சை. என்ன கறி வைக்கிறதெண்டு கேக்கோணும்."

கையை நீட்டினார். அழைப்பைத் துண்டித்திருக்கலாம். கேட்டுச் சொல்லுகிறேன் என்று சமாளித்திருக்கலாம். நான் ஃபோனைக் கொடுத்தேன்.

"தம்பி, நீங்கள் இப்பவும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு சாப்பிடுறனீங்கள்தானே?" என்றார் அம்மா.

பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் குரல் எனக்கும் கேட்டது, சொல் விளங்கவில்லை. அம்மா ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தார்.

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"சரணியா, இவன் என்ன சொல்லுறான்?"